மடாம் கந்தையா

12 நவம்பர் 2004, வெள்ளி

இரண்டு முறை தவறிய பிரெஞ்சுப் பேச்சுத் தேர்வில் இன்று சித்தியடைந்துவிட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பாடகி ஒருத்தியைப் பற்றிப் பேசினேன். ஒபரா மேடைக்காகத் தன் பெயரை இத்தாலியப் பெயராக மாற்றி, அந்தப் பெயரிலேயே புகழ்பெற்றவள். உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. "என்னையும் பாருங்கள். குடும்பப் பெயர் என்று நீங்கள் கூப்பிடும் மடாம் கந்தையா என் அப்பா" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியை என் பெயரைக் கேட்டு, "புவனேஸ்வரி" என்று மூன்று தரம் சொல்லிப் பழகினார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன்.

"வகுப்பிலயிருந்து மடாம் கந்தையாவைக் கேட்டுப் போன் வரேக்க எல்லாம், கந்தையா செத்துப்போனார் எண்டெல்லோ நான் சொன்னனான்" என்றார்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பைப் பார்த்துப் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டவள் நான். திங்கட்கிழமை வகுப்பில் என் சொந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரிப் பதில் சொல்ல வேண்டும்.