ஒரே வளையத்தில் கிளப் சாண்ட்விச்

அப்பாவின் சாவு வீட்டில் மூண்ட சண்டைக்குப் பிறகு, யோகநாதனும் அவன் தம்பி சிவபாலனும் மூன்று வருஷமாகப் பேசவில்லை. இன்று பத்து மணிக்குத் தம்பி அம்பிட்டிய ஊரிலுள்ள அண்ணன் வீட்டுக்கு வருகிறான். அழைத்தது யோகநாதனின் மனைவி தர்ஷினி. "அவன் வந்தா நான் வெளிய போயிருவேன்" என்று நேற்றே கத்திவிட்டான் யோகநாதன்.

அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, ஹோட்டல் வேலைக்குக் கிளம்பிய தர்ஷினி கலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்னங்க, கோவிச்சுக்காதீங்க. மேசைல இருக்கிறது எங்க ஹோட்டல் கிளப் சாண்ட்விச்தான், ஆனா பாண் துண்டு அடுக்கல. கோழி, முட்டை, சீஸ், தக்காளி எல்லாத்தையும் மாவுக்குள்ள வச்சு, வளையமா சுத்தி பேக் பண்ணிட்டேன். எப்படிப் பொங்கி வந்திருக்கு பாருங்க! தனித்தனியா வெட்டி வைக்காதீங்க. நடுவுல வச்சு ரெண்டு பேரும் பிச்சுச் சாப்பிடணும். தம்பிக்கு பிளேன்டீ ஊத்திக் குடுங்க. பேசாட்டியும் பரவாயில்ல, எந்திரிச்சுப் போயிராதீங்க."

ஓரத்தில் நுணுக்கி ஒரு வரி சேர்த்தாள்: "பைக் சாவி என் கைப்பைல இருக்கு. தேடாதீங்க."

மாலையில் மேட்டுப் பாதையை ஓடியே ஏறி வந்தாள். வீட்டில் யாருமில்லை. தட்டில் துணுக்குகள் மட்டும் கிடந்தன. சீட்டின் அடியில் யோகநாதனின் கோணல் எழுத்து:

"நல்லா இருந்திச்சு. தம்பி அழுதுட்டான், நானுந்தான். மடுல்கெல்லைல இருக்கிற அம்மாவுக்கு ஒரு துண்டு எடுத்துக்கிட்டு பஸ்ல போறோம். அவங்ககிட்ட இன்னும் சொல்லல. கதவத் தெறந்து ரெண்டு பேரையும் சேத்துப் பாக்கட்டும்."