நான் சொல்லித்தான் வாங்கினாயாம்

உன் வீடியோ கேம் கன்சோலின் கைப்பிடியில் இன்னும் தைலம் மணக்கிறது. நேற்று உன் மனைவி அதை என் கையில் கொடுத்தபோது, பிடிக்கவும் தெரியாமல் கீழே வைக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். நீ செத்த அன்றைக்குத் துஷ்டி கேட்க வந்தும் வாசலோடு திரும்பியவன் நான்.

போன வருஷம் டயாலிசிஸ் முடிந்து திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு சாயங்காலம், உன் விசைத்தறி உதிரிபாகக் கடைக்கு என்னைக் கூப்பிட்டாய். "ஏலே, நீ படிச்சவன். டிவில மாட்டுத பெட்டி வாங்கவா, கேம் ஆடுத கம்ப்யூட்டர் வாங்கவா?"

பள்ளிக்கூட நாளில் வாடகைக்கு கேசட் எடுத்து ஆடிய ஆசை, நோயோடு சேர்ந்து உனக்குத் திரும்பியிருந்தது. நான் வகுப்பெடுத்தேன். கம்ப்யூட்டர் என்றால் கிராஃபிக்ஸ் கார்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், வேறு வேலைக்கும் ஆகும். கன்சோல் வெறும் பூட்டிய பெட்டி என்றேன். நீ சிரித்தாய்.

"எது பெருசுன்னு நம்ம ஊர்ல நின்னு வழக்காடாதலே. எந்தச் சாமி பெருசுன்னு ரெண்டு பாம்பு அடிச்சுக்கிட்டதுக்கே, நம்ம கோயில்ல ரெண்டு சாமியும் ஆளுக்குப் பாதியா ஒரே உடம்புல நின்னுட்டாவ."

அடுத்த வாரம் கன்சோலை வாங்கிவிட்டாய்.

என் குணம் உனக்குத் தெரியும். எனக்கு இளையவரைத் துறைத்தலைவராக்கிய கல்லூரியை நான் மன்னிக்கவில்லை. பாகப்பிரிவினையில் ஏய்த்த அண்ணனையும். யோசனை கேட்டுவிட்டு மீறிய உன்னை அவர்களோடு சேர்த்தேன். "பெட்டி வந்துட்டுல, ஒரு ஆட்டம் ஆட வாயேன்" என்று நீ போன் செய்தபோது, "நீயே ஆடு" என்று வைத்துவிட்டேன். நாற்காலியில் உன்னால் வெகுநேரம் உட்கார முடியாது, படுத்துக்கொண்டு ஆட வேண்டியவன் நீ என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

நேற்று உன் மனைவி சொன்னாள்: "நீங்க சொல்லித்தான அண்ணாச்சி இத வாங்குனாவ. கட்டில்ல சாஞ்சுக்கிட்டே ஆடுவாவ, வலியே தெரியாது. 'அவன் யோசன தப்பாது'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாவ. 'காலேஜ்ல அவனுக்கு ஒழிவில்ல, அதான் வரல'ன்னும் சொல்லுவாவ."

அவளிடம் நீ சண்டையையே சொல்லவில்லை. என்னை நல்லவனாகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இல்லை தங்கச்சி, நான் வேண்டாமென்றுதான் சொன்னேன் என்று வாய் திறந்தேன். அதற்குள் அவள் மகளை முன்னால் தள்ளினாள். "இவளுக்குப் புதுசா ஒண்ணு வேணுமாம். பெட்டியா, கம்ப்யூட்டரா? நீங்களே சொல்லுங்க."

"உனக்கு எதும்மா தோது?" என்று கேட்டேன். உன்னிடம் ஒரு தடவையும் கேட்காத கேள்வி.

"கம்ப்யூட்டர்தான் மாமா. காலேஜ் புராஜெக்டும் செய்யலாம், கார்டையும் பொறவு மாத்திக்கிடலாம்."

பார்த்தாயா, நான் அன்றைக்குச் சொன்னதுதான் என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. செத்துப்போன உன்னை ஜெயித்த சந்தோஷம். எதிரே சுவரில் மாலை போட்ட படத்தில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

"கம்ப்யூட்டரே வாங்கிரும்மா" என்றேன். உன் மனைவிக்கு நிம்மதி. "உங்க யோசன தப்பாதுன்னு அவுக சொன்னது சரிதான்" என்று காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு எழுந்து வந்தேன். நான் சம்பாதிக்காத ஒரு நல்ல பெயர் உன் வீட்டில் இருக்கிறது. அது என்னுடையதில்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.