அவள் கேட்ட மொட்டை

12 ஜூன் 2023, திங்கள்

இன்று மூன்றாவது முறையாக அதே வரைபடம் திரும்பி வந்தது. வடக்கு எல்லை சரியில்லையாம். எல்லை சரியாகத்தான் இருக்கிறது, பார்க்கிறவருக்குத்தான் வடக்கு தெரியவில்லை. சொல்ல முடியுமா? நில அளவைப் பிரிவில் இருபத்தாறு வருடமாகக் கோடு போடுகிறவன், வாயை மூடிக்கொண்டு நான்காவது முறையும் போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் பச்சையம்மாள் தலையில் துண்டு. இரண்டாவது கீமோவுக்குப் பிறகு முடி கொட்டும் என்று டாக்டர் முன்பே சொன்னதுதான். கொத்துக் கொத்தாகக் கையோடு வர ஆரம்பித்ததும் மகள் பூஜா அவளை வாசலில் உட்காரவைத்து மிஷினால் மொத்தமாக எடுத்துவிட்டாளாம். பச்சையம்மாள் துண்டை விலக்கிக் காட்டினாள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னாங்க அப்பிடி பாக்குறீங்க? இந்த ஊர்ல மொட்டையே பாத்தது இல்லியா?" என்றாள்.

நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

18 ஜூன், ஞாயிறு

கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் அண்ணன் மண்ணாங்கட்டி வந்திருந்தார். ஒரு பை வேர்க்கடலை, ஒரு பொட்டலம் விபூதி. விபூதியை என்னிடம் கொடுக்காமல் நேராகத் தங்கையிடம் கொடுத்தார். அவருக்கு என்னைத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின வருடம் தீட்சை வாங்கிப் பௌத்தன் ஆனவன் நான். சாமி கும்பிட மாட்டேன், திதி கொடுக்க மாட்டேன், பிண்டம் வைக்க மாட்டேன் என்று இருபத்திரண்டு உறுதிமொழி சொன்னவன். பேர் மட்டும் சக்கரபாணி. அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு பச்சையம்மாளும் என்னோடு வந்து உறுதிமொழி எடுத்தவள்தான். ஆனால் மகளுக்கு யசோதரா என்று நான் தேர்ந்து வைத்திருந்த பேரை மாற்றி, பூஜா என்று பதிந்துவிட்டு வந்தாள். கேட்டதற்கு, "கூப்பிட லேசா இருக்கு" என்றாள். 

விபூதியைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

29 ஜூன்

மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றில் நீர். அவளால் நடக்க முடியவில்லை.

லீவு எழுதிக் கொடுக்கப் போனபோது பக்கத்து மேசை மக்பூல் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் துவா கேக்குறேன் சார். வீட்ல நசீமாவும் டெய்லி கேக்குறா." நன்றி என்றேன். சத்தியமாகப் பொறாமையாக இருந்தது. மக்பூல் பாய்க்குக் கேட்க ஆள் இருக்கிறது. மண்ணாங்கட்டிக்குச் சுற்றிவந்து கேட்க ஒரு மலையே இருக்கிறது. எனக்கு? கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய் என்ன கேட்பது?

3 ஜூலை, பௌர்ணமி

மத்தியானத்திலிருந்தே கிரிவலத்துக்கு ஜனம். ஆஸ்பத்திரியிலிருந்து வேங்கிக்கால் ஏரிப் பக்கம் இருக்கும் எங்கள் விகாரைக்கு வர ஆட்டோவுக்கு ஒரு மணி நேரம் ஆனது. விகாரை என்பது பெரிய பேச்சு. சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே அறை, ஒரு புத்தர் சிலை, ஒரு பிக்கு. பிக்குவைப் பந்தே என்று கூப்பிடுவோம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

மெழுகுவத்தி ஏற்றினேன். மூன்று சரணமும் சொன்னேன். எழுந்திருக்க வேண்டியதுதான். எழுந்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது: அவள் எழுந்து நடந்து வீட்டுக்கு வரட்டும், நான் மொட்டை போட்டுப் பத்து நாள் சீவரம் கட்டுகிறேன்.

அக்டோபரில் இங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. வீட்டு மனிதர்கள் தலையை மழித்து, பிக்குகள் கட்டும் சீவரத்தை உடுத்தி, பத்து நாள் துறவிகளாக இருந்துவிட்டுத் திரும்புவார்கள். ஒவ்வொரு வருடமும் ஏதோ காரணம் சொல்லித் தப்பித்து வந்தேன். உண்மையான காரணம் என் முடி. ஐம்பத்திரண்டு வயதிலும் கறுப்பாக, அடர்த்தியாக இருக்கிறது. கர்வம்தான்.

பந்தேவிடம் சொன்னேன். "யார்கிட்ட கேட்டீங்க?" என்றார். தெரியவில்லை என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "செய்யணும்னு தோணிச்சுன்னா இப்பவே செய்ங்க. அவங்க எழுந்து வந்தாதான்னு எதுக்கு?" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தேன். அவருக்குப் புரியாது. முதலிலேயே கொடுத்துவிட்டால், பிறகு கேட்பதற்கு என் கையில் என்ன இருக்கும்?

5 ஜூலை

பச்சையம்மாளிடம் சொன்னேன். சிரித்தாள், சிரித்தாள், இருமல் வரும் வரைக்கும் சிரித்தாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"மொட்டை போடுறவங்களப் பாத்து எத்தினி வருஷம் கிண்டல் பண்ணீங்க! இப்போ நீங்களா?"

"இது வேற."

"இன்னா வேற? முடி அதே முடிதான்." பிறகு என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்களுக்கு நல்லாவே இருக்காது. பின்மண்டை சப்பை. இத்தினி நாளா இந்த முடிதான் உங்க மானத்தக் காப்பாத்துது." 

பிறகு சொன்னாள்: "இப்பவே போட்டுட்டு வாங்களேன். நானும் மொட்டை, நீங்களும் மொட்டை. பூஜாவ உட்டு ஒரு போட்டோ எடுக்கலாம்."

நீ நடந்து வீட்டுக்கு வா, அன்றைக்கே போடுகிறேன் என்றேன். வாக்கு என்றால் வாக்கு. "நல்ல ஆளுதான் போங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

1 ஆகஸ்ட், பௌர்ணமி

ஸ்கேன் வந்தது. கட்டி கம்மியாகியிருக்கிறது! டாக்டரே சொன்னார். பச்சையம்மாள் இரண்டு இட்லி சாப்பிட்டாள். வராந்தாவில் நாலு அடி நடந்தாள், நானும் பூஜாவும் ஆளுக்கொரு பக்கம்.

கேட்டால் நடக்கிறது. யார் கேட்கிறார்கள், யார் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு எதற்கு? இன்னும் கொஞ்ச நாள்தான். வாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

14 ஆகஸ்ட்

காய்ச்சல். நூற்று மூன்று.

20 ஆகஸ்ட், ஞாயிறு

காய்ச்சல் ஏறுகிறது, இறங்குகிறது. ரத்தத்தில் கிருமி என்கிறார்கள். பேச்சு மெல்லிசாகிவிட்டது, குனிந்து கேட்க வேண்டியிருக்கிறது.

"இந்த வாரம் போட்டுட்டு வாங்க. நான் பாக்கணும்."

நீ வீட்டுக்கு வா என்று மறுபடியும் அதையே சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். பூஜா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனாள்.

24 ஆகஸ்ட், வியாழன்

காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் சலூனுக்குப் போனேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. கடைக்காரர் துணியை உதறிவிட்டு, "வாங்க, உக்காருங்க" என்றார்.

உட்காரவில்லை. இன்று போட்டுக்கொண்டால், அவள் நடந்து வர மாட்டாள் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? அப்படித்தான் தோன்றியது. அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

25 ஆகஸ்ட்

காலை ஆறு நாற்பது.

28 ஆகஸ்ட், திங்கள்

எழுதிவைக்கிறேன். பந்தே வந்து சூத்திரம் சொன்னார். மேளம் வேண்டாம், வாய்க்கரிசி வேண்டாம் என்றேன், எல்லாவற்றுக்கும் அவள் ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். அம்பட்டரைக் கூட்டி வந்தபோதுதான் சண்டை. மகன் இல்லை, அதனால் புருஷன் மொட்டை போட வேண்டும். மாட்டேன் என்றேன். அது காரிய மொட்டை. போட மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தவன்.

மண்ணாங்கட்டி என் சட்டையைப் பிடித்தார். "என் தங்கச்சிக்காக ஒரு மொட்டை... அதகூட போட மாட்டியா மாப்ள?"

அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாமல்தான் கேட்டார். அந்த இடத்திலேயே நான் செத்திருக்கலாம்.

இருக்கும்போது கேட்டாளே. வாயைத் திறந்து கேட்டாளே, இரண்டு தரம். போடலியே. இப்போ யாருக்குப் போடறது? யாரு பாக்கப் போறாங்க?

10 செப்டம்பர்

பூஜா வேலைக்குத் திரும்பவில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. இன்று சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது நானே ஆரம்பித்தேன். ஏம்மா இப்படி இருக்கிறாய் என்றேன்.

"அம்மா உன்கிட்ட கேட்டது அது ஒண்ணுதாம்பா."

தட்டில் சோறு ஆறிப்போய் அப்படியே இருந்தது.

மகளே, எனக்கும் தெரியும். வரம் கேட்டவன் நான். அந்த அறையில் என்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். கொடுக்கிற இடத்தில் நான் இருந்தேன். கையில் இருந்ததைக் கொடுக்காமல், யாரென்றே தெரியாத ஒருவரிடம் காட்டிக்காட்டி விலை பேசிக்கொண்டிருந்தேன்.

29 செப்டம்பர், பௌர்ணமி

விகாரைக்குப் போனேன். புத்தரிடம் எதுவும் கேட்கவில்லை. பந்தேவிடம்தான் கேட்டேன்: நான் கேட்டது கிடைக்கவில்லை, அப்படியானால் அந்த வாக்கு இன்னும் இருக்கிறதா, இல்லையா?

அவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார், பெருக்கி முடித்தார். "உங்களுக்கு எப்படித் தோணுது?" என்றார்.

இருக்கிறது என்றேன்.

"அஞ்சாம் தேதி காலைல வந்துடுங்க."

4 அக்டோபர், புதன்

நாளை போகிறேன். பூஜாவிடம் சொன்னேன். "ம்" என்றாள். இந்த நோட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்.

15 அக்டோபர், ஞாயிறு

நேற்று பத்து நாள் முடிந்தது. சீவரத்தை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐந்தாம் தேதி, ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் அதே சலூனுக்குத்தான் போனேன். கடைக்காரருக்கு என்னை ஞாபகமில்லை. தலையை நனைத்துக்கொண்டே, "வேண்டுதலாங்க, காரியமாங்க?" என்று கேட்டார். இந்த ஊரில் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். இரண்டும் இல்லை, இரண்டும்தான். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வீட்ல கேட்டாங்க" என்றேன்.

ஏழாம் நாள் பிச்சைப் பாத்திரத்தோடு எங்கள் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. வரிசையில் பந்தே முன்னால், கடைசியில் நான். தலையைக் குனிந்துகொண்டு நடக்க வேண்டும், யாரோடும் பேசக் கூடாது, யார் வீட்டு வாசல் என்று பார்க்கக் கூடாது. என் வீட்டு வாசலைப் பார்க்காமலா இருக்க முடியும்? பூஜா சோற்றுப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்களுக்குப் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். கரண்டி பாதியில் நின்றது. என் தலையைப் பார்த்தாள், கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். அப்படியே அவள் அம்மா சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அம்மா சொன்னது கரெக்ட்டுப்பா. நல்லாவே இல்ல."

சோற்றைப் போட்டாள். பேசக் கூடாது, பேசவில்லை. வரிசை நகர்ந்துவிட்டது, நானும் நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி, பின்மண்டை வீட்டு வாசலுக்கு நன்றாகத் தெரியும்படி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.