வலப்பக்கத்து எழுத்துகள்

நேற்று புக்கிட் காத்தில் சாலைச் சிவப்பு விளக்கில், கட்டிப்பால் ஏற்றிய லாரி ஒன்று நான் வந்த வாடகைக் காருக்கு முன்னால் நின்றது. உறைந்த ரப்பரின் அந்த அழுகல் வாடை உள்ளே புகுந்ததும், "கண்ணாடிய ஏத்திடறேன் ஆன்டி, தாங்க முடியலை லா" என்றார் ஓட்டுநர். இறக்கியே வையுங்கள் என்றேன். பச்சை விளக்கு விழும்வரை மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன்.

கான்வென்ட்டில் என் பக்கத்து மேசைக்கு நீ வந்த முதல் நாள், உன் பின்னலில் இதே வாடை. நான் கைக்குட்டையை மூக்கில் வைத்தேன். நீ திரும்பி, "நல்லா மோந்துக்கோ. எங்க அண்ணன் வெட்டுற பால்லதான் உங்கப்பா காரு டயரு ஓடுது" என்றாய். என் அப்பாவிடம் சைக்கிள்தான் இருந்தது. அதை உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

பள்ளி முடிந்ததும் இருவரும் தட்டச்சு கற்றோம். எனக்கு அது கல்யாணம் வரும்வரை பொழுதுபோக்கு. நீயோ நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் வாழ்க்கையை எழுதி வைத்திருந்தாய்: முதலில் டைப்பிஸ்ட், மூன்று வருடத்தில் ஆர்டர் பிரிவு, முப்பது வயதில் சொந்த ஏஜென்சி. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

"கல்யாணம் எங்கடி?" என்று கேட்டேன்.

"மார்ஜின்ல இடம் இருந்தா பாப்போம்."

இயந்திர உதிரிபாகம் விற்கும் டவுன் கடை ஒன்றில் தட்டச்சுக்கு ஆள் தேவை என்று பத்திரிகையில் வந்தது. உன் விண்ணப்பத்தை மூன்று முறை திருத்தி எழுத வைத்தேன். பதில் என் வீட்டு விலாசத்துக்கு வரட்டும் என்று நீ கெஞ்சினாய். நான் மறுத்தேன்.

"பொய் விலாசத்துல வேலை தேடுறவள யாரு நம்புவா? எங்க குடியிருக்கியோ அதத்தான் எழுதணும்."

"உனக்கு எங்க தோட்டம் தெரியாது. கடுதாசியெல்லாம் ஆபீசுக்கு வரும். காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுல எல்லாரும் வரிசையா நிக்கிறப்ப, கணக்கு எழுதுற கிராணி பேர் சொல்லிக் குடுப்பாரு."

"அதனால என்ன?"

நீ பேனா மூடியைத் திறந்தாய். பிறகு தோட்டத்து விலாசத்தை எழுதினாய்.

நேர்காணலுக்கு வரச் சொல்லிப் பதில் அடுத்த வாரமே வந்தது. விடியாத வேளையில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கிராணி அதைப் பிரித்துப் படித்தார். உனக்குத் தாய் தகப்பன் இல்லை, அண்ணன்தான் எல்லாம். அவனைப் பார்த்து, "தங்கச்சி டவுன்ல தொரசாணி ஆவப் போவுது. நீ சோறாக்கப் பழகிக்கப்பா" என்றாராம். வரிசை முழுவதும் சிரித்தது. அவன் பால் வெட்டப் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்தான்.

பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பால் அடித்தான். தலையைக் காக்க வலது கையைத் தூக்கினாய். இரண்டு விரல்கள் முறிந்தன. விழுந்த உன் முகத்துக்கு நேரே கடிதத்தை விரித்து, "இதுதானே? தின்னு. உத்தியோகத்தத் தின்னு" என்று சுருட்டி உன் வாயில் திணித்தான். விழுங்கும்வரை உள்ளங்கையால் உன் வாயைப் பொத்தியிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். உள்ளே ஒருவரும் வரவில்லை. "தேதியையும் நேரத்தையும் படிச்சிட்டுத்தான் முழுங்கினேன்" என்று பிறகு என்னிடம் சொன்னாய்.

நேர்காணல் அன்று காலை, தோட்டத்திலிருந்து நடந்தே என் வீட்டுக்கு வந்தாய். உதடு கிழிந்திருந்தது, கையில் கைலித் துணி சுற்றியிருந்தது. நான் சொன்னதை எழுத இப்போதும் கூசுகிறது. "இந்தக் கோலத்துல போனா ஒழுங்கான குடும்பத்துப் பொண்ணுன்னு யாரு நெனைப்பா? தள்ளி வைக்கச் சொல்லி எழுதுவோம்."

இடது கையால் ஓங்கி அறைந்தாய். என் காது இரைந்தது.

"விலாசம் எழுதச் சொன்னேல்ல? கெளம்பு. இனிமே நீதான் என் வலது கை."

கடையில் ஒரு தட்டச்சுப் பொறி முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். ஏ, எஸ், டி உன்னுடையவை; ஜே, கே, எல் என்னுடையவை. முதலாளி ஓர் ஒல்லிச் சீனர். பிழையில்லாமல் வந்த கடிதத்தை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். "சத்து காஜி சாஜா" என்றார். இருவருக்கும் சேர்த்துச் சம்பளம் ஒன்றுதான் என்று மலாயில் அர்த்தம். உனக்கு வேலை கிடைத்துவிட்டது. விரல்கள் கூடும்வரை எனக்கும். பொய் விலாசம் கூடாது என்ற நான், சுருக்கெழுத்து வகுப்புக்குப் போவதாக வீட்டில் ஆறு வாரம் பொய் சொன்னேன்.

தோட்டத்துக்கே திரும்பாத உன்னைத் தேடி, ஆறாவது வாரம் உன் அண்ணன் கடைக்குள் வந்தான். உன் கூந்தலைப் பற்றி முகத்தைத் தட்டச்சுப் பொறியின் மேல் அழுத்தினான். இன்னொரு கையை என் பக்கமாக மேசையில் ஊன்றிக்கொண்டான். "வீட்டுக்கு வாடி. இல்லன்னா இந்தக் கையையும் ஒடிச்சிடுவேன்."

இந்தக் கையும் என்றால் உன் இடது கை. அதுவும் போனால் வேலை போகும். ஆர்டர் பிரிவு, ஏஜென்சி, இரண்டு கோடு எல்லாம் போகும். பில்களைக் குத்தி வைக்கும் கம்பி என் முன்னால் நின்றது. அடியிலிருந்த மரக்கட்டையோடு எடுத்தேன், தலைகீழாகத் திருப்பினேன், பலம் கொண்டமட்டும் இறக்கினேன். பில்களோடு சேர்ந்து அது அவன் கையைத் துளைத்து மேசைப் பலகையில் போய் நின்றது.

உன் மேல் குனிந்திருந்ததில் குத்தியது யார் என்று காணாத அவன் அலறிக்கொண்டு நிமிர்வதற்குள், நீ இடது கையால் அதைப் பிடுங்கி என்னை மறைத்து நின்றாய். "நான்தான். இன்னும் ஒரு அடி வச்சுப் பாரு, கண்ணுல எறக்குவேன்." உன் உதட்டில் மறுபடி ரத்தம். அவன் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினான். முதலாளி வந்து மேசையைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். ரத்தம் பட்ட பில்களை மாலைக்குள் புதிதாக அடித்துத் தரச் சொன்னார்.

நான் பொறியில் புதுத் தாளைச் செருகினேன். நீ என் காதோரம் சொன்னாய்: "வாயத் தொறக்காத. அடுத்த வாரம் உன்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. எனக்கு உத்தியோகம் இருக்கு. உனக்குக் கல்யாணம் ஒன்னுதானே இருக்கு."

அதற்குப் பிறகு யாரும் என்னை அவ்வளவு சரியாக அவமதித்ததில்லை.

ஏஜென்சி உனக்கு முப்பத்து நான்கில்தான் வந்தது. அண்ணனைக் குத்தியவள் என்ற பெயர் அதற்கு முன்பே ஊரெல்லாம் போயிருந்தது. உன்னைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. ஆனால் பேரம் பேச வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நான் ஓர் அதிகாரியின் மனைவியானேன். குறை சொல்ல முடியாதபடி குடும்பம் நடத்தினேன், அவரையும் வழியனுப்பிவிட்டேன். வெளியே போய் நான் பார்த்த உத்தியோகம் அந்த ஆறு வாரம் மட்டுமே.

போன மாதம் புக்கிட் பெருவாங்கில், உன் வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். சுங்கை ஊடாங்கிலிருந்து மகன் கைத்தாங்கலாக அழைத்துவர, உன் அண்ணன் வந்தார். பேரப்பிள்ளைகளிடம் புறங்கைத் தழும்பைக் காட்டினார். "உங்க அத்தப் பாட்டி வச்சது. அப்புறம் அந்தக் கடை இருந்த ரோட்டுல கூட நான் கால் வைக்கல. கண்ணுல எறக்குவேன்னு சொன்னா. எறக்கியிருப்பா."

குரலில் பெருமை வேறு. உன் வாயைப் பொத்திய கை அது. எனக்குக் கொதித்தது. எழுந்துவிட்டேன். ஒரு தேதி பிசகினாலும் திருத்திவிடுகிறவள் நான். கூடத்தில் எல்லாருக்கும் அது தெரியும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது அவ இல்லை" என்பது நாக்கு நுனிவரை வந்தது. உண்மைதான். உன்னை எழுத வைத்தேனே அந்த விலாசம், அதுவும் உண்மைதான்.

"என்னம்மா?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க" என்று சொல்லி உட்கார்ந்தேன். உனக்குப் பயந்தே வாழ்ந்த மனிதர், பயந்தே போகட்டும். சேலைத் தலைப்புக்குள் என் வலது கை, மரக்கட்டையைப் பற்றியதுபோல் இறுகிக் கிடந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் விரல்களை ஒவ்வொன்றாக இடது கையால்தான் பிரிக்க வேண்டியிருந்தது.