ஏறப்போவது நான்

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

நேற்று நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதாக உன் சிநேகிதி சொன்னாள். துறைமுகத்து கிரேன் அறையில், நாற்பது மீட்டர் உயரத்தில், பாதி ரத்தம் போன உடம்போடு உட்கார்ந்திருந்தாயாமே! அம்மா அப்பா இல்லாத குறைக்கு நான்தான் சொல்லியாக வேண்டும். போதும், என் வீட்டுக்கே வந்துவிடு. இனி வேலைக்கு வரமாட்டாய் என்று உன் சூப்பர்வைசருக்கு நானே ஃபோன் செய்து சொல்லிவிட்டேன். கோபப்படாதே. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு.

உன் அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

மாத்திரையை விழுங்குகிறேன். உங்கள் யோசனையைத்தான் விழுங்க முடியவில்லை.

தப்பு என்னுடையது. முதுகு வலிக்கு யாரையும் கேட்காமல் மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டேன். வயிற்றில் புண்ணாகி ரத்தம் கொட்டியிருக்கிறது. மலம் கறுப்பாகப் போனதையும் சட்டை செய்யவில்லை. அன்று கண் இருட்டியதும், கிரேனில் தொங்கிய சரக்குப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுத்தான் வயர்லெஸ்ஸில் ஆள் கூப்பிட்டேன்.

"எப்படி தாக்குப்பிடிச்சேன்?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"உங்க உடம்பு சும்மா இருக்கலம்மா. இருக்கிற ரத்தத்தை இதயம் அவசர அவசரமா சுத்த விட்டுச்சு. கை காலுக்குக் குறைச்சு மூளைக்குக் கொடுத்துச்சு, அதான் கை சில்லுன்னு போச்சு. புது ரத்தம் வேணும்னு சிறுநீரகம் எலும்பு மஜ்ஜைக்குச் சேதி அனுப்பிடுச்சு. ஆனா அதுக்கு நாளாகும். நாங்க ரத்தம் ஏத்தலைன்னா தோத்திருக்கும்."

எலும்புகூட எனக்காகப் பாடுபடுகிறது. கூடப்பிறந்த நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பிழைப்பில் கை வைத்துவிட்டீர்கள். சொன்னது தப்பு என்று சூப்பர்வைசரிடம் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் தங்கை

மே 20

அண்ணா,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து பதிலில்லை. புண் ஆறிவிட்டது. ரத்த அளவு பன்னிரண்டுக்கு ஏறிவிட்டது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை கிரேன் ஏணியடியில் சூப்பர்வைசர் தயங்கினார்.

"உங்க அண்ணன் வேணாம்னாரேம்மா?"

"ஏறப்போறது அவரில்லையே சார்."

பாதியில் மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நின்றேனே தவிர இறங்கவில்லை. மதியத்துக்குள் முப்பத்தொரு பெட்டி இறக்கினேன்.

உங்கள் பயமும் பாசம்தான், தெரியும். அதற்காக நான் முடங்கிக் கிடக்க முடியாது. அடுத்த மாதம் நான்கு நாள் விடுமுறை. வருகிறேன், விருந்தாளியாக. வாசலிலேயே வேலைப் பேச்சை எடுப்பதாக இருந்தால் இப்போதே எழுதிவிடுங்கள், இன்னும் டிக்கெட் போடவில்லை.

உங்கள் தங்கை,
கிரேன் ஆபரேட்டர்