சித்தூரில் நான் இறங்கவில்லை, அப்பா

என் அன்பு அப்பாவுக்கு,

முதலில் மன்னித்துவிடு. நீ எதிரில் உட்கார்ந்திருந்தபோது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவள், இப்போது நாலு பேர் படிக்கிற இடத்தில் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும்தான்.

இந்தப் புரட்டாசியில் உனக்குப் பதிலாக நான் திருப்பதிக்கு நடந்தேன். குடியாத்தத்திலிருந்து நீ வருடா வருடம் போன அதே கூட்டத்தோடு, செருப்பில்லாமல். "வருசம் பூரா ஊரு காலுக்கு ஷூ தச்சாச்சு, ஒரு வாரம் என் காலு சும்மா நடக்கட்டும்" என்று சொல்லித்தான் ஆம்பூர் கம்பெனியில் லீவு கேட்பாயாமே. கூட்டத்தை நடத்திப்போகும் முனுசாமி பெரியப்பா பரதராமி தாண்டும்போது அதைச் சொல்லிச் சிரித்தார்.

நடந்ததைச் சொல்ல வரவில்லை அப்பா. திரும்பியதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பகல் முழுக்க நடந்து கடந்த ஊரை, பஸ் ஒரு ஹாரன் அடித்துக் கடந்துவிட்டது. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. கண்டக்டர் என் மஞ்சள் துணியையும் வீங்கிய காலையும் பார்த்துவிட்டு, ஒருவரை நகரச் சொல்லி இடம் கொடுத்தார். நம் ஆட்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். நீயும் இப்படித்தான் யார் தோளிலாவது சாய்ந்து வருவாயா?

நடந்து போய் வந்தவர் வழியில் வேறு வீட்டுப் படி ஏறக்கூடாது. நேராகத் தன் வீடு. வாசலில் வீட்டு ஆள் காலில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே. ஆம்பூரில் நீ வரும் நாளில் அம்மா சொம்போடு நிற்பாள். பக்கத்து வீட்டு நசீமா சாச்சி, "அண்ணே, எங்க வூட்டுக்கு வந்துட்டுப் போங்க, உங்க புண்ணியம் கொஞ்சம் எங்க பக்கமும் வரட்டும்" என்பார். நீ தெருவின் மறுபக்கமாக ஒதுங்கி ஓடுவாய்.

நீ போன பிறகு அந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோம். அம்மா குடியாத்தத்தில் மாமா வீட்டில் இருக்கிறாள். மாமா ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். எனக்கு வேலூரில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்து, சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு மாடி வீடு எடுத்திருக்கிறேன். எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். "கல்யாணம் ஆவாத பொண்ணு சம்பாத்தியத்துல உக்காந்து தின்னா ஊரு இன்னா பேசும்?" என்கிறாள். தம்பி வீடு ஆகும், மகள் வீடு ஆகாதா?

குடியாத்தம் பஸ்ஸுக்கு மாற எல்லோரும் சித்தூரில் இறங்கினார்கள். நான் எழவில்லை. பெரியப்பா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"இன்னாமா, தூங்கிட்டியா? எறங்கு."

"நான் வேலூர் போறேன், பெரியப்பா."

"உங்கம்மா அங்க சொம்போட நின்னுக்கினு இருக்கும்."

"அது மாமா வீடு. எங்க வீடு வேலூர்ல இருக்குது."

என் வாயிலிருந்தா அது வந்தது? அவர் பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

வேலூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"எங்கடி இருக்க? எல்லாரும் வந்துட்டாங்க."

"வீட்டு வாசல்ல. உள்ள போவல. தண்ணி ஊத்த ஆளில்ல."

"நீயே ஊத்திக்கினு போடி."

"அப்பா அப்படிப் போயிருக்காரா?"

போன் கட்டாகிவிட்டது.

கீழ் வீட்டு அக்கா காபி குடிக்கக் கூப்பிட்டார். தலையாட்டி மறுத்துவிட்டேன். வெயில் படியை விட்டு இறங்கி, எதிர்வீட்டு மதில்மேல் ஏறியது. அம்மா வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவே பயமாக இருந்தது. வெளிச்சம் மங்கும்போது ஷேர் ஆட்டோவிலிருந்து அம்மா இறங்கினாள்.

"பேஜாரு புடிச்சவளே. உன்னால பஸ்ல நின்னுக்கினே வந்தேன். உங்கப்பன் பிடிவாதம் அப்படியே இருக்குது."

காலில் தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் திட்டு நின்றுவிட்டது. கொப்புளங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் உள்ளே போய், உப்பு எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.

இரண்டு நாள் இருந்தாள் அப்பா. அடுப்படி ஜன்னலில் காற்று நன்றாக வருகிறது என்றாள். மூன்றாம் நாள் காலை, "மாத்துத் துணி எடுத்தாரல" என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

கால் ஆறிவிட்டது. அடுத்த புரட்டாசியும் நடப்பேன், அது உறுதி. இவ்வளவு எழுதியும் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. "உங்கப்பன் ஒரு தடவகூட கனவுல வரல பாரு" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டே இருக்கிறாள். என் கனவுக்கு நீ வராவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் ஆசைதான், ஆனாலும் பரவாயில்லை. அம்மாவிடம் ஒரே ஒரு முறை போ. நான் சொன்னால் ஊர்ப் பேச்சைக் காட்டுகிறாள், நீ சொன்னால் தட்டமாட்டாள். "பொண்ணுகூடப் போய் இரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு வா, அப்பா.

உன் பொண்ணு,
கவிதா