கம்ப்யூட்டரில் இறங்கிய சக்தி

வே,

இன்று காலை வாஷிங் மெஷினைத் தொட்டேன், சுருக்கென்றது. "என்ன, மூஞ்சி இப்படிப் போகுது?" என்று வீட்டுக்காரி கேட்டாள். கல்யாணமான நாள் முதல் இதே மூஞ்சிதான் என்று சொல்ல வாயெடுத்து, உயிர்மேல் ஆசை வைத்து நிறுத்திக்கொண்டேன். விரலில் அந்தச் சுருக் அடங்குவதற்குள் நீர் வந்து நின்றுவிட்டீர். போய்ச் சேர்ந்து வருஷத் திதிகூட வராத ஆள் கரண்டில் ஏறி வருவதென்றால், அது நீராகத்தான் இருக்க முடியும்.

எண்பதுகளின் கடைசி. தென்காசி டுடோரியலில் கணக்கு வாத்தியார் வேலையை உதறிவிட்டு, குற்றாலத்தில் சீசனுக்குக் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போட்டீர். அருவிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜின் முன்னறை. ஊரே வாயைப் பிளந்தது. உம்ம மாமனார் பிளந்த வாயை மூடவே இல்லை. அதன் வழியாக வந்த சொற்களை எழுதினால் தபால்காரர் இந்த மடலைத் தொடமாட்டார். சீசன் ஓடினால் கடை, ஓடாவிட்டால் அவருடைய ரைஸ் மில்லில் மூட்டைக்குக் காவல். அதுதான் உம்ம நிலைமை.

நான் உமக்கு டெக்னிக்கல் அட்வைசர். தபாலில் ரேடியோ ரிப்பேர் படித்தவன். கடைசிப் பாடங்கள் வழியில் தொலைந்துபோனதால் எதையும் கழற்ற மட்டும் தெரியும்.

கம்ப்யூட்டர் வாங்க மதுரைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்குத் தக்கபடி இறக்கிக் கொடுக்கிற தகரப் பெட்டி, பவர் சப்ளை. அதைக் கடைக்காரர் இரண்டு தினுசில் காட்டினார். நீர் பாத்திரக் கடையில் பித்தளைக் குடம் பார்ப்பதுபோல இரண்டையும் இரு கையிலும் ஏந்தி, கண்ணை மூடி எடை பார்த்தீர்.

"இதான் வே. கனம் இருக்குல்லா?"

நானும் ஏந்திப் பார்த்துத் தலையாட்டினேன். அட்வைசர் இல்லையா!

கடை திறந்ததும் எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டு ஈரத் துண்டும் வெறுங்காலுமாக ஒரு பெரியவர் வந்தார். கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டார். உடம்பு சிலிர்த்தது. "யப்பா, உள்ள சக்தி இருக்கு!" என்று கும்பிட்டார். லாட்ஜ் மேனேஜர் காதில் இது விழுந்தது. அந்த மனுஷரே ஒரு வானொலி நிலையம். சாயங்காலத்துக்குள் சேதி கேரள எல்லைப் புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டது. ஜாதகம்கூட வேண்டாம், தொட்டால் போதும் என்று சொட்டச் சொட்ட வரிசை நின்றது. ஈரக் கைக்கு லேசாக அப்படித்தான் இருக்கும் என்று நாம் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம்.

பிறகு ஒரு நாள் சுரண்டையிலிருந்து ஓர் அண்ணாச்சி வந்தார். இடுப்பில் கைக்குழந்தை, அருவித் தண்ணீர் தலையிலிருந்து வழிகிறது.

"தம்பி, பயலுக்கும் கொஞ்சம் சக்தி ஏத்திவிடுங்க" என்று பிஞ்சுக் கையை விரித்துப் பெட்டிப் பக்கம் நீட்டினார்.

நீர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினீர்.

"கரண்டு போயிட்டு அண்ணாச்சி."

"மேல ஃபேன் சுத்துதே?"

"அது வேற லைனு. நாளைக்கு வாங்க."

கூட்டத்தை அனுப்பிக் கதவைச் சாத்தினீர். "கழத்தும் வே" என்றீர். கழற்றுவது என் துறை.

மூடி திறந்ததும் நமக்கு அடித்தது கரண்டு இல்லாத ஷாக். பாதிப் பெட்டி காலி. சாமான்கள் உட்கார வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு கம்பித் துண்டு. பற்றவைத்த ஈயம் நகம் பட்டதும் உதிர்ந்தது. அப்படியானால் அந்தக் கனம்? மூலையில், எந்தக் கம்பியும் வந்து சேராமல், இரண்டு திருகாணி போட்டு முடுக்கிய ஓர் இரும்புக் கட்டை. நம்மைப் போல ஏந்திப் பார்த்து வாங்குகிறவர்களுக்கென்றே வைத்தது! நான் சிரித்துவிட்டேன். நீர் சிரிக்கவில்லை. நீர் பச்சைக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தீர். கசிகிற கரண்டைப் பூமிக்குக் கொண்டுபோக வேண்டிய ஏர்த் கம்பி, பெட்டியில் எங்கும் சேராமல் நறுக்கிக் கிடந்தது. இத்தனை நாளும் கரண்டு பூமிக்குப் போன வழி, பக்தர்களின் உடம்பு. கசிவை மட்டுப்படுத்துகிற கெப்பாசிட்டர், வேர்க்கடலை அளவு, பாதி வெடித்து நின்றது.

"இது முழுசாப் போனா?" என்று கேட்டீர்.

"இருநூத்தி முப்பது வோல்ட்டும் பெட்டி மேல நிக்கும் வே."

"அந்தப் பயலுக்குப் பல்லுகூட முளைக்கல" என்றீர்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு வரைக்கும் எவனும் சாகலல்லா? சீசன் முடியட்டும், வாத்தியாரே."

"சரி அண்ணாச்சி. இங்கன வாங்க, கையை நனைச்சுட்டு வந்து முதல்ல நீங்க வைங்க."

அவருக்கு உடனே அடுக்களையில் அவசர வேலை வந்துவிட்டது.

மறுநாள் திருநெல்வேலிக்குப் போய் வேறு சப்ளை வாங்கிவந்தீர். இந்தத் தடவை ஏந்தவில்லை. மூடியைத் திறக்கச் சொல்லி, பச்சைக் கம்பி எங்கே போகிறதென்று விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்கினீர். கடைக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிக் குழாய் இறக்கினோம். ஏர்த் பிடித்தது. சுருக் நின்றது.

வியாபாரமும் நின்றது.

சுரண்டை அண்ணாச்சி நீர் வரச் சொன்னதை மறக்காமல் வந்தார். பயலின் கையை வைத்துப் பார்த்தார், தன் கையை வைத்துப் பார்த்தார். "சக்தியக் கொன்னுட்டீயளே தம்பி!"

"அது சக்தி இல்ல அண்ணாச்சி. கரண்டு."

"கரண்டு எங்க வீட்லயுந்தான் இருக்கு. அதுக்கா பஸ் ஏறி இங்கன வாரேன்?" என்று பயலைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கிளி ஜோசியத்துக்கு நடந்துவிட்டார்.

அவர் போன பிறகு நீர் குடத்தில் கையை நனைத்து, பெட்டிமேல் வைத்து, அப்படியே நின்றீர்.

"என்ன வே செய்யுதீரு?"

"ஒண்ணும் வரல்ல வே. ஒண்ணுமே வரல்ல!"

கடை முங்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாரல் நிற்பதற்குள் போர்டை இறக்கினோம். ரைஸ் மில்லிலேயே நரைத்தீர். மாமனார் உம்மை "கம்ப்யூட்டர்" என்றே கடைசி வரை கூப்பிட்டார். நீர் ஒரு தடவைகூட அந்தப் பயலைப் பற்றிப் பேசவில்லை.

அவனுக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும். பேர் தெரியாது. சுரண்டை பஸ்ஸில் அந்த வயதில் எவனாவது என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைத்தால், அந்தப் பயல்தானோ என்னவோ என்று, முன்போல் நான் சண்டைக்குப் போவதில்லை. நல்லா மிதிடே என்று இன்னொரு காலையும் நீட்டிக்கொடுக்கிறேன்.